பிரஷ் பலகையில் ஐந்தாவது துளை

“பிரஷ்ஷ எங்க வச்ச?”

ரேயா துகே என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் தங்கப்போகும் மாடி அறையில் பெட்டியை வைத்துவிட்டு அப்போதுதான் சமையலறைக்கு இறங்கி வந்திருந்தேன். என் பெயர் என்ன, சாப்பிட்டேனா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

“பெட்டியில இருக்கு, மதாம். அதோட டப்பாவுல.”

“மூடியா?”

“மூடித்தான்.”

“ஈரத்தோட மூடியா?” அடுப்புப் பக்கம் உட்கார்ந்து காலுறை காயவைத்துக்கொண்டிருந்த கணவரிடம் திரும்பினார். “அல்தியோ, கேட்டியா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குப் பல் விளக்கச் சொல்லித் தரணும்னு அரசாங்கம் ஒரு பொண்ண அனுப்பியிருக்கு. அதோட பிரஷ் டப்பாவுக்குள்ள புழுங்குது.”

“மொதல்ல அது கோட்டக் கழட்டட்டும் ரேயா. வந்ததும் வராததுமா உசுர எடுக்காத.”

“டப்பாவுல காத்துப் போக ஓட்டை இருக்கு, மதாம்,” என்றேன். “ஊர்விட்டு ஊர் போறப்ப மட்டும்தான் அதுல வைப்பேன்.”

“காட்டு.”

கொண்டுவந்து காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார்த்தார். “சரி, தப்பிச்ச. ஆனா என் வீட்டுல பிரஷ் நின்னுதான் காயணும், படுக்கக் கூடாது. வா.”

குளியலறையில் தொட்டிக்கு மேலே ஒரு பலகை அடித்திருந்தது. பழைய படகிலிருந்து எடுத்த மரம். அல்தியோ அதில் வரிசையாக ஐந்து துளைகள் போட்டிருந்தார். நான்கில் பிரஷ்கள் தலை நிமிர்ந்து, ஒன்றையொன்று தொடாமல் நின்றன. நீலம் அல்தியோவுடையது, சிவப்பு மூத்த மகள் ஒதெத்துடையது, பச்சையும் மஞ்சளும் பள்ளிக்குப் போகும் இரண்டு பையன்களுடையவை.

“ஒண்ணோட தலை இன்னொண்ணு மேல படக் கூடாது. ஜுரம் வந்தவன் பிரஷ் தனியா ஜன்னலோரம். நார் விரிஞ்சு போச்சுன்னா குப்பையில போட்டுடுவேன், யார் அழுதாலும் சரி. அடுத்தவங்க பிரஷ்ஷ யாரும் தொடக் கூடாது. போன வருஷம் சின்னவன் தோனா அவசரத்துக்கு அக்காவோடத எடுத்துட்டான். அவ அவனப் பனியில கோயில் வரைக்கும் துரத்துனா, வெறுங்காலோட.”

“இந்த அஞ்சாவது துளை யாரோடது, மதாம்?”

“யாரோடதும் இல்ல. இனிமே உன்னோடது.”

“உங்களோட பிரஷ்?”

“என்னோடத நான் பாத்துக்கிறேன்,” என்று சட்டென்று முடித்துவிட்டு, “சனிக்கிழமையானா எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுப்பேன். உன்னோடதயும் கொடுத்துடு,” என்றார்.

“கொதிக்க வைக்க வேண்டாம், மதாம். நார் வளைஞ்சுடும். குழாய்த் தண்ணியில நல்லா அலசி, உதறி, நிமித்தி வச்சாலே போதும்.”

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தார். “அல்தியோ, வந்த அன்னைக்கே பல் டீச்சர் எனக்குப் பாடம் எடுத்துட்டா. தட்டு வை, சாப்பிடட்டும்.”

அந்தச் சிரிப்பைத்தான் நான் முதலில் மனதில் வாங்கிக்கொண்டேன். மேலும் கீழும் சீரான, பளிச்சென்ற வெள்ளை வரிசை. பல் செட்டு என்று பார்த்தவுடனே எனக்குப் புரிந்தது. அதற்காகப் படித்தவள்தானே நான். பிரெஞ்சு பேசும் மீனவர்கள் வாழ்ந்த இந்த லமெக் தீவில் அவர் வயதுப் பெண்கள் நிறையப் பேருக்கு அப்படித்தான் இருந்தது. கரும்புப் பாகில் தோய்த்த ரொட்டியிலேயே வளர்ந்தவர்கள், பக்கத்தில் பல் வைத்தியர் கிடையாது, சொத்தையில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் மாங்க்டன் பக்கத்திலும் கிழவிகளுக்கு அப்படித்தான் போயிருந்தது. ஆனால் ரேயா கிழவி இல்லை. அவருக்கு அப்போது நாற்பது வயது.

பிரெஞ்சுக் கன்னிமாடத்தில் பள்ளிப் படிப்பும், ஆங்கிலத்தில் பல் சுகாதாரப் படிப்பும் முடித்துவிட்டு வந்திருந்தேன். இரண்டு மொழிகளிலும் எனக்குப் பேச்சு குறைவு. அந்த வீட்டில் அது ஒரு குறையாகவே இல்லை. ரேயா எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். பதினொரு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் மீன் பதப்படுத்தும் ஆலையில் ஹெர்ரிங் மீனின் தலை வெட்டப் போனார். கோடையில் இன்னும் போய்க்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் ஆலை மூடியிருக்கும்போது தைத்தார், ரொட்டி சுட்டார், நான்கு பேரின் பல்லைக் காவல் காத்தார். ராத்திரி சாப்பாடு முடிந்தால் பையன்கள் அவர் எதிரில் நின்று பல் விளக்க வேண்டும். பசையைத் துப்பியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். கடைவாயில் ரொட்டித் துணுக்கு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. அல்தியோவையும் அவர் விட்டுவைக்கவில்லை.

“ஆர்மியில கூட இப்படி இல்லடி,” என்பார் அல்தியோ.

“ஆர்மியில உனக்குப் பல்லு இருந்துச்சா, இல்லையான்னு யாரு பாத்தா? ஈறு ஓரமா தேய். சின்னச் சின்னதா வட்டம் போடு. படகுத் தளத்தக் கழுவுற மாதிரி இழுக்காத.”

நான் பள்ளிகளில் சொல்லித் தந்ததையெல்லாம் அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. நூல் விட்டுப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்வதை மட்டும் நான் பையன்களுக்குக் காட்டிக்கொடுத்தேன். மறுநாளே தையல் பெட்டியிலிருந்து ஒரு நூற்கண்டு குளியலறைக்கு இடம் மாறிவிட்டது.

பிப்ரவரியில் ஒதெத்தின் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை ரெமி, சதுப்பு நிலத்தில் கரிமண் வெட்டும் இடத்தில் இயந்திரம் ஓட்டுபவன். பனிக்கட்டியில் ஹாக்கி ஆடும்போது முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தவன். ஜூலையில் கல்யாணம். ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அல்தியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஒதெத், என்னோட பரிச முன்னாடியே சொல்லிடுறேன். நகரத்துல டாக்டர்கிட்ட பேசியாச்சு. மார்ச்சுல எல்லாத்தையும் எடுத்துட்டா, ஈறு ஆறி, கல்யாணத்துக்கு முன்னால செட்டு வந்துடும்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. எதை எடுப்பது? ஒதெத் எழுந்து ஓடிப்போய் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“எல்லாத்தையுமா அப்பா? மேல, கீழ, ரெண்டுமா?”

“ரெண்டும்தான். நல்ல செட்டு. மாப்பிள்ளை தலையில எந்தச் செலவும் கட்டி அனுப்ப மாட்டேன். உங்க அம்மாவுக்கு அவங்க அப்பா செஞ்சு அனுப்புனாரு. வந்த நாள்ல இருந்து உங்க அம்மாவுக்கு ஒரு நாள் பல்வலின்னு உண்டா? கேளு.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. ரேயாவின் பற்கள் சொத்தையில் போனவை அல்ல. கல்யாணப் பரிசாகப் பிடுங்கப்பட்டவை. கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒதெத்தின் வாயை நான் பார்த்திருக்கிறேன். அவளே ஒருநாள் விளையாட்டாகக் காட்டினாள். கடைவாயில் ஒரே ஒரு அடைப்பு. மற்றதெல்லாம் உறுதியான, ஆரோக்கியமான பற்கள். கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான்.

“ஒதெத், உன் பல்லெல்லாம் நல்லா இருக்கே,” என்றேன்.

“இப்ப நல்லா இருக்கும் கொரின். நாளைக்கு? ஒரு பிள்ள பெத்தா ஒண்ணு ஆடும், இன்னொண்ணு பெத்தா இன்னொண்ணு. அம்மாவப் பாருங்க. எத்தன வருஷமா அப்படியே வெள்ளையா இருக்கு. நான் ரெண்டு வேளை தேய்க்கிறேன், நூல் விடுறேன், அப்பவும் மஞ்சள். ஒரே நாள் வலி, அப்புறம் ஆயுசுக்கும் நிம்மதி.”

“ரெமி என்ன சொன்னான்?”

“அவன் என்ன சொல்லுவான்? அவனோடத ஹாக்கி மட்டை எடுத்துக்கிச்சு. என்னோடத டாக்டர் எடுக்கப் போறாரு.”

பையன்கள் சிரித்தார்கள். நான் ரேயாவைப் பார்த்தேன். ஈரமான பிரஷ்ஷுக்கு வீடே அதிரக் கத்துகிறவர், விரிந்த நாருக்குப் பையனை அழவைக்கிறவர், இப்போது ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

நாட்கள் போயின. மார்ச் மாதத்து ஒரு வியாழக்கிழமை குறித்தார்கள். நான் தனியாக ஒதெத்திடம் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தேன். தாடை எலும்பு கரையும், கடிக்கிற வலு போய்விடும் என்றேன். “நீங்க படிச்சது புஸ்தகத்துல. எங்க அம்மா இருக்கிறது வீட்டுல,” என்றாள்.

அந்த வியாழனுக்கு முந்தைய வாரம், நான் போன பள்ளியில் கொதிகலன் பழுதாகி, பிள்ளைகளை மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் திரும்பினேன். அல்தியோ பனிக்கட்டியில் துளைபோட்டு மீன் பிடிக்கப் போயிருந்தார். ஒதெத் கூட்டுறவுக் கடை வேலையில் இருந்தாள். பின்கதவைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன்.

பாத்திரத் தொட்டியருகே ஒரு கிழவி நின்றிருந்தாள். யாரோ பக்கத்து வீட்டு மூதாட்டி என்றுதான் நினைத்தேன். உதடுகள் உள்ளே போய், மூக்கும் முகவாயும் நெருங்கி, கன்னம் குழிந்திருந்தது. எனாமல் கிண்ணத்தில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பல் வரிசை கிடந்தது. நகம் தேய்க்கிற பிரஷ்ஷால், துணி சோப்புப் போட்டு, அதில் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பார்த்த பிறகுதான், மீன் ஆலைக் கத்தி வெட்டிய தழும்புள்ள கட்டைவிரலைப் பார்த்த பிறகுதான், அது ரேயா என்று தெரிந்தது.

சமையல் மேலங்கியைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, “திரும்பு,” என்றார். அந்த வெள்ளை வரிசை இடத்துக்கு வந்திருந்தது. நாற்பது வயது ரேயாவும் திரும்பி வந்திருந்தார். அந்த மாற்றம்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“கதவத் தட்டிட்டு வரக் கூடாதா?”

“மன்னிச்சுக்குங்க, மதாம்.”

“உக்காரு. உன் மூஞ்சி பனியவிட வெளுத்துருக்கு.”

தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவராகவே சொன்னார்.

“எனக்குச் சொத்தை ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. ஒண்ணுக்காக ஒரு தடவ, இன்னொண்ணுக்காக ஒரு தடவன்னு எத்தன தடவ டாக்டர்கிட்ட ஓடுறதுன்னு அப்பா சொன்னாரு. பதினெட்டு வயசு எனக்கு. பெருமையா இருந்துச்சு. என் சிநேகிதிக்கு மேல்வரிசை மட்டும்தான் எடுத்துக் கொடுத்தாங்க. எனக்கு ரெண்டும்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன்.” கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். “டாக்டர் ஒவ்வொண்ணா எடுத்துத் தகர வாளியில போட்டாரு. அந்தச் சத்தம் இருக்கே. இன்னைக்கும் கூரையில ஆலங்கட்டி விழுந்தா நான் வேற அறைக்குப் போயிடுவேன்.”

“மிஸ்யூ துகேவுக்குத் தெரியுமா?”

“செட்டுன்னு தெரியும். பரிச வாங்கிக்கிட்டதே அவன்தானே. ஆனா வாய இப்படிப் பாத்ததில்ல. அந்த வசந்தம் முழுக்க அவன் மரம் வெட்டுற முகாம்ல இருந்தான். திரும்பி வரும்போது செட்டு வந்துடுச்சு. அன்னையிலிருந்து தூங்கும்போதுகூட நான் கழட்டுனதில்ல.”

“ராத்திரியிலயுமா? ஈறு புண்ணாகிப் போயிருக்குமே. ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைக்கணும், மதாம். மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால ஈறு, நாக்கு எல்லாம் மெதுவாத் தேய்க்கணும்.”

“பல்லே இல்லாத வாய்க்குப் பிரஷ்ஷா?” சிரித்தார். இந்த முறை வாயைக் கையால் மூடிக்கொண்டு.

“ஒதெத்கிட்டச் சொல்லுங்க.”

“என்னன்னு சொல்றது? ஆப்பிளக் கடிக்க முடியாம, எனக்கு ஆப்பிள் பிடிக்காதுன்னு சொல்லி வளத்திருக்கேன். சோளக்கதிர் பிடிக்காது. கொட்டைப் பருப்பு பிடிக்காது. வலிச்சா தலைவலின்னு சொன்னேன். அவ என்னத்தப் பாத்தா? வெள்ளையான பல்லு, வலியே இல்லாத அம்மா. அதத்தான் இப்ப வேணும்ங்கிறா. நான்தான் அவளுக்கு ஆசை காட்டியிருக்கேன் பொண்ணே. இப்பப் போயி சொன்னா, உங்களுக்கு மட்டும் அழகா வேணும், எனக்கு வேண்டாமான்னு கேப்பா.”

“சொன்னா நம்ப மாட்டா. பாத்தா நம்புவா.”

அவர் முகம் மாறிவிட்டது. “அதுக்குப் பதிலா நான் துணியில்லாம கோயிலுக்கு நடந்து போவேன்,” என்று எழுந்துவிட்டார். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க என்னிடம் அதிகம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ரெமியும் வந்திருந்தான். கோழியும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொதிக்கவைத்த ஃப்ரிக்கோ ஆவி பறந்துகொண்டிருந்தது. அல்தியோ ரொட்டியில் பாகை ஊற்றிக்கொண்டே, “வியாழக்கிழமை விடியக்காலையில கிளம்பணும், பாதை வழுக்கும்,” என்றார். ஒதெத் தலையாட்டினாள்.

ரேயா மடியிலிருந்த துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வாய்க்குள் விரலை விட்டார். மேல்வரிசையை எடுத்து ஒதெத்தின் தட்டோரமாக வைத்தார். பிறகு கீழ்வரிசையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். எச்சில் நூல் ஒன்று நீண்டு அறுந்தது.

அல்தியோவின் கையிலிருந்த ரொட்டியிலிருந்து பாகு மேசை விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் ரேயா கத்தியிருப்பார். சின்னவன் தோனா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தான்.

“இதான் பரிசு,” என்றார் ரேயா. வார்த்தைகள் காற்றோடு குழைந்து வந்தன; ஆனாலும் ஒவ்வொன்றும் புரிந்தது. “நல்லாப் பாரு.”

“ரேயா,” என்றார் அல்தியோ. “போட்டுக்க.”

“மாட்டேன். அவ இன்னும் பாக்கல. நீயும் பாக்கல.”

பிறகு அவர் சாப்பிடத் தொடங்கினார். உருளைக்கிழங்கை நாக்கால் அண்ணத்தில் வைத்து நசுக்கினார். கோழித்துண்டை ஈறால் கடித்துப் பார்த்து, முடியாமல், எடுத்துத் தட்டோரம் வைத்தார். குழம்பு முகவாயில் வழிந்தது, துடைத்துக்கொண்டார். அவசரமில்லாமல், தட்டு காலியாகும் வரை சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் நான் சாப்பிட்ட சாப்பாடுகளில் அதைப்போல நீண்டது வேறு இல்லை.

ரெமிதான் முதலில் வாயைத் திறந்தான். “எனக்கு ஒரு பல்லு போனதுக்கே நான் ஒரு வாரம் அழுதேன்,” என்றான் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

ஒதெத் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. “எல்லாரும் இருக்கும்போது எப்படிம்மா நீங்க இதச் செய்யலாம்? ரெமி முன்னாடி? எனக்கு எவ்வளவு அசிங்கம்?” என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ரெமி தொப்பியைத் தேடிக்கொண்டு கிளம்பினான். அல்தியோ கொட்டகைக்குப் போனார். இருட்டும் வரை வரவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்த வீட்டில் தேவையான வார்த்தை மட்டும்தான் பேசினார்கள். ஒதெத் அம்மாவின் பக்கமே பார்க்கவில்லை. வியாழன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. ரேயா எல்லா வேலையையும் வழக்கம்போலச் செய்தார். ஆனால் பாத்திரங்கள் கையிலிருந்து நழுவின. தோற்றுவிட்டேன், அசிங்கப்பட்டதும் வீண் என்று அவர் முடிவுகட்டிவிட்டது எனக்குத் தெரிந்தது.

வியாழன் காலை அல்தியோ வெளியே போய்க் காரைக் கிளப்பிச் சூடாக்கினார். ஒதெத் கோட்டு, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு கீழே வந்தாள். ரேயா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒதெத் கதவு வரை போனாள். நின்றாள். பூட்ஸ் காலோடு திரும்பிக் குளியலறைக்குள் போனாள். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பல் விளக்கும் சத்தம். வெகுநேரம். மேல்வரிசை, கீழ்வரிசை, உள்பக்கம், கடைவாய் என்று அவள் போவது காதாலேயே தெரிந்தது. அடுப்பருகே நின்ற ரேயா மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒதெத் வெளியே வந்தபோது உதட்டோரம் நுரை இருந்தது. பின்கதவைத் திறந்து, “அப்பா, காரை நிறுத்துங்க. நான் வரல,” என்றாள். அம்மாவைப் பார்க்காமலே கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அம்மாவோடு அவள் பேச இன்னும் சில வாரம் ஆனது. ஆனால் கல்யாணத்தன்று கோயில் வாசலில் அவள் சிரித்தது அவளுடைய மஞ்சள் பற்களோடுதான். இன்று வரை அவை அவள் வாயில்தான் இருக்கின்றன.

அந்த வியாழனுக்கு மறுநாள் நான் வாரக் கடைசிக்காக மாங்க்டனுக்குக் கிளம்பினேன். ரேயா வாசல் வரை வந்தார். வாயில் செட்டு இருந்தது. ஆனால் முகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. முந்தின ராத்திரி முதல்முறையாக அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கினாராம். அல்தியோ பக்கத்தில் படுத்துக்கொண்டு, “என் பக்கம் திரும்பிப் படு,” என்று மட்டும் சொன்னாராம்.

“பொண்ணே, திரும்பி வரும்போது எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வர்றியா?”

“என்ன மதாம்?”

“பிரஷ்தான். நீ சொன்னியே, மெத்துன்னு இருக்கிறது, ஈறு தேய்க்க. இங்க கடையில ஒதெத்துகிட்டத்தான் கேக்கணும், அவ இன்னும் என்கூடப் பேசல. நீலம் வேண்டாம், சிவப்பு வேண்டாம், பிள்ளைங்க நிறமும் வேண்டாம். வேற எதுவா இருந்தாலும் சரி. உன் துளைய நான் கேக்கல. ஆறாவது ஒண்ணு போடணும்னு அல்தியோகிட்டச் சொல்லியிருக்கேன்.”